தோட்டாக் கூடு மறுஅளவு டை

தோட்டாக் கூடு மறுஅளவு டை என்பது, சுட்டதும் விரிந்துபோன பித்தளைக் கூட்டை மறுபடி துப்பாக்கிக்குள் நுழையும் அளவுக்கு ஒடுக்கும் எஃகு அச்சு. கையால் இழுக்கும் சிறு பிரஸ்ஸின் தலையில் மரையிட்டு மாட்டுவார்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் தோட்டாவை வீட்டிலேயே மறுநிரப்புவோரின் கருவி இது. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி தோட்டா தயாரிக்க உரிமம் வேண்டும். ஆகவே சிட்லபாக்கம், குரோம்பேட்டைப் பக்கம் பிரஸ் பட்டறையில் டை செட்டிங் செய்தே தலை நரைத்தவர்கூட இந்த டையைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் இதைச் சரியாக நிறுத்துவதில் உள்ள சிக்கலை விளக்க, வங்காளத்தின் இஷாபூரில் செய்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைக்காது.

சுடும்போது கூடு பலூன் போல் உப்பி, தோட்டா அறையின் சுவரை ஒட்டிக்கொள்கிறது. அழுத்தம் இறங்கியதும் சற்றே சுருங்குகிறது. பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அந்தக் கூடு இப்போது அந்த ஒரு துப்பாக்கியின் அறைக்கு அளவெடுத்துத் தைத்ததாகிவிட்டது. அதை எவ்வளவு ஒடுக்குவது என்பதுதான் கேள்வி. டையுடன் வரும் தாளில் பெரும்பாலும் ஒரே விடை இருக்கும்: பிரஸ்ஸின் தண்டை முழுக்க உயர்த்தி, கூடு பிடிப்பானில் முட்டும்வரை டையை இறக்கு, பிறகு இன்னும் கால் சுற்று இறக்கிப் பூட்டு. எந்தத் துப்பாக்கியிலும் நுழையும் கூடு வேண்டுமென்றால் இது சரி. ஒரே துப்பாக்கிக்கு என்றால் இது பித்தளையை வீணடிக்கும் வழி.

லீ-என்ஃபீல்டின் .303 தோட்டாவில் இந்தச் சேதம் வெளிப்படையாகத் தெரியும். அதன் அடியில் விளிம்பு உண்டு. அறைக்குள் அதை நிறுத்துவது அந்த விளிம்புதான், கூடு கழுத்தை நோக்கிச் சரியும் இடமான தோள் அல்ல. போர்க்களச் சேற்றிலும் தோட்டா நுழைய வேண்டும் என்று அறையைத் தாராளமாக வெட்டினார்கள். போல்ட்டின் பூட்டுக் காதுகளும் பின்புறம் இருப்பதால், சுடும்போது இயக்கப்பகுதி சற்று இழுபடும். இத்தகைய அறைக்கு, டையை முட்டவைத்துத் தோளைப் பின்னுக்குத் தள்ளினால், அடுத்த சூட்டில் தோள் மறுபடி முன்னே ஓடும். அதற்கு வேண்டிய பித்தளை அடிப்பகுதிக்குச் சற்று மேலிருந்து இழுக்கப்படும். அங்கே முதலில் பளபளப்பாக ஒரு வளையம் தோன்றும். சில சூடுகளில் கூடு இரண்டாகப் பிரியும். உள்ளே வளைந்த கம்பி முனையை விட்டுத் தடவினால், வெளியே வளையம் தெரியும் முன்பே பள்ளம் தட்டுப்படும்.

தீர்வு, டையை மேலே ஏற்றிவைத்துத் தொடங்குவது. கூட்டை ஒடுக்கி, துப்பாக்கியிலேயே போட்டுப் பார்த்து, போல்ட் மெல்லிய பிடிப்போடு மூடும்வரை சிறிது சிறிதாக இறக்குவது. இங்கே பலரைக் குழப்பும் விஷயம் ஒன்று உண்டு: டை உடலை மட்டும் நெருக்கி, தோளைத் தொடாதபோது, பித்தளை முன்னோக்கி வழிந்து கூடு முன்னைவிட நீளமாகிறது. போல்ட் முன்பைவிட இறுகினால் கோளாறு என்று எண்ணவேண்டாம். தோளைத் தொடும் இடம் நெருங்குகிறது. வழக்கமான டைகளின் மரை அங்குலத்துக்கு 14. ஒரு முழுச் சுற்று சுமார் 1.8 மில்லிமீட்டர். தோளைப் பின்தள்ள விரும்பும் அளவோ 0.05 மில்லிமீட்டர், அதாவது சுற்றில் முப்பத்தாறில் ஒரு பங்கு. கைக்கணக்குக்கு அது பிடிபடாது. அளவுமானியும், பூட்டுநட்டை இறுக்கும்போது டை நகராமல் பார்த்துக்கொள்ளும் பொறுமையும் வேண்டும்.

1962 சீனப் போருக்குப் பின் இஷாபூர் ஆலை அதே வடிவில், 7.62 மி.மீ. தோட்டாவுக்கு 2ஏ, 2ஏ1 துப்பாக்கிகளைச் செய்தது. இந்தத் தோட்டா தோளில் நிற்பது. இந்தத் துப்பாக்கிகளில் பல பின்னாளில் வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. விளையாட்டுத் தோட்டாவின் இறுக்கமான அளவுக்குச் செய்த டையை இந்த ராணுவ அறைக்கு அப்படியே முட்டவைத்தால், விளிம்பில்லாத கூட்டிலும் அதே பிரிவு நேர்கிறது.

கழுத்தை ஒடுக்கும் டை, மறுநிரப்புவோரிடம் வருவதற்கு முன்பே தோட்டா ஆலைகளில் இருந்தது. கார்டைட் என்ற இழைவடிவ உந்துபொருளை, நேர்வாய்க் கூட்டில் முதலில் செருகிவிட்டு அதன்பின்தான் .303-இன் கழுத்தை ஒடுக்குவார்கள். குறுகிய கழுத்து வழியே இழைக்கட்டு நுழையாது. நீலகிரியின் அரவங்காட்டில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ஆலை அந்தக் கார்டைட்டுக்காகவே எழுந்தது.

குளிர்நிலையில் ஒடுக்கிய பித்தளைக்குள் இறுக்கம் தங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்தபோது, கூடுகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்தின் அம்மோனியாவும் அந்த இறுக்கமும் சேர்ந்ததே காரணம் என்று 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் மூவரும் விளக்கினர். சூடாக்கிப் பதப்படுத்துவது மருந்து. டை ஒவ்வொரு முறையும் கழுத்தை நெருக்குவதால், மறுநிரப்புவோரும் சில சுற்றுக்கு ஒருமுறை கழுத்தைச் சூடாக்குகிறார்கள். அடிப்பகுதியைச் சூடாக்கவே கூடாது, மென்மையான அடி அழுத்தம் தாங்காது.

பிரிட்டிஷ் ராணுவ .303 கூடுகள் பெரும்பாலும் பெர்டான் முறைப் பிரைமர் (உந்துபொருளைப் பற்றவைக்கும் சிறு மூடி) கொண்டவை. அதில் பிரைமர் மோதி நசுங்கும் பட்டடை கூட்டின் பள்ளத்திலேயே இருக்கும், தீ செல்லும் துளைகள் பக்கவாட்டில். சுட்ட பிரைமரை வெளியே தள்ள டையின் நடுவிலுள்ள ஊசி, நடுத்துளை கொண்ட பாக்ஸர் முறைக்கானது. பெர்டான் கூட்டில் இறக்கினால் ஊசிதான் உடையும். பெர்டான் அமெரிக்கர், பாக்ஸர் ஆங்கிலேயர். அவரவர் நாடு மற்றவருடையதை எடுத்துக்கொண்டது.