கொழும்பின் ஆகாயம்

ஆளுநர் ஹென்றி வார்ட் நகரத்துப் பெண்டிருக்கும் குழந்தைகளுக்குமென்று 1859-ஆம் ஆண்டில் அமைத்து முடித்த காலிமுகத்திடலிலே, கடற்காற்றில் பட்டமேற்றிய சிறுவர் எவருக்கும் அந்த விநோதத்துக்கு அநுமதி வேண்டுமென்ற எண்ணம் உதித்திராது. ஆனால், வெள்ளவத்தைக்குத் தெற்கே சில மைல் தொலைவிலுள்ள இரத்மலானையில் 1935-இல் விமானங்கள் இறங்கத் தொடங்கியபின் கொழும்பின் ஆகாயம் பொதுச்சொத்தாயிற்று. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்தின்மீது குண்டு பொழிந்தபோது, மேலே கேட்கும் இரைச்சல் பீதிக்குரியதென்பதை ஜனங்கள் அறிந்தனர்.

எழுபத்தேழு ஆண்டுகளின் பின், மற்றோர் உயிர்த்த ஞாயிறன்று, 2019 ஏப்ரல் 21-இல், கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயத்தில் பிரார்த்தனைக்குக் கூடியிருந்தோர் பலர் குண்டுவெடிப்பிற் பலியாயினர். நான்கு நாட்களுக்குள், சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை ட்ரோன்கள் அனைத்தையும் பறக்கவிடலாகாதென்று தடை செய்தது. பொழுதுபோக்காளருக்கு அது வருத்தமே. எனினும், துக்கம் ஆறாத வீதிகளின்மேல் இனந்தெரியாத யந்திரமொன்று ரீங்கரித்துத் திரிவதை யார்தான் சகிப்பார்?

அத்தடை பின்னர் நீங்கியது. இன்று வெள்ளவத்தைக் கரையில் ட்ரோன் ஏற்ற விரும்புவோர், இரத்மலானை விமானப் பாதை அருகிருப்பதை முதலில் நினைக்கவேண்டும். உரிய அநுமதி பெற்று, கரையோர ரயில் பாதையையும் ஜனக்கூட்டத்தையும் தவிர்த்து, கண்ணுக்கெட்டும் எல்லைக்குள்ளேயே செலுத்தவேண்டும். தென்மேல் பருவக்காற்று உரத்து வீசும் மாதங்களில், கடல்நோக்கிச் சென்ற ட்ரோன் எதிர்க்காற்றிலே மின்கலம் தீர்ந்து, திரும்பிவர இயலாமல் அலைகளில் வீழ்ந்துவிடக்கூடும்.