தும்பாவின் அந்தி மேகமும் விண்வெளி ஆயுத விவகாரமும்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துப் பெரியவர்களிடம் பழங்கதை கேட்டால், "அண்ணைக்கு அந்தி நேரத்துல ஆகாசத்துல செவப்பா ஒரு மேகம் நின்னுது" என்று சொல்வார்கள். அது பிரமையல்ல. 1963 நவம்பர் 21 அன்று, பாறசாலைக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள தும்பாவிலிருந்து அமெரிக்கத் தயாரிப்பான நைக்-அப்பாச்சி ராக்கெட் ஏவப்பட்டது. அது மேலே கக்கிய சோடியம் ஆவிதான் அந்த மேகம்.

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றது. களியக்காவிளையில் கோடு போட்டாச்சு. ஆனால் ஒரு நாட்டின் வான்வெளி எங்கே முடிந்து, யாருக்கும் சொந்தமில்லாத விண்வெளி எங்கே தொடங்குகிறது என்பதற்கு உலக நாடுகள் இன்றுவரை எல்லைக்கோடு வகுக்கவில்லை. 100 கிலோமீட்டர் என்பது வழக்கத்தில் உள்ள கணக்கு, அவ்வளவே.

தும்பா தொடங்கிய காலத்தையும் பார்க்க வேண்டும். 1962 ஜூலையில் அமெரிக்கா 400 கிலோமீட்டர் உயரத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்தது. 1963 ஆகஸ்டில் அத்தகைய சோதனைகளைத் தடுக்கும் மாஸ்கோ ஒப்பந்தம் வந்தது, இந்தியாவும் கையெழுத்திட்டது. அக்டோபரில், சுற்றுப்பாதையில் அணு ஆயுதம் வைக்கலாகாது என்று ஐ.நா. பொதுச்சபை கேட்டுக்கொண்டது. அடுத்த மாதமே தும்பா. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் மீனவ மக்களும் மகதலேனா மரியாள் ஆலயத்தை ஒப்படைத்தது விக்ரம் சாராபாய் கேட்ட அறிவியலுக்காக. 1968 பிப்ரவரி 2-ல் இந்திரா காந்தி அந்த ஏவுதளத்தை ஐ.நா.வுக்கே அர்ப்பணித்தார்.

1967-ன் விண்வெளி உடன்படிக்கையில்தான் ஓட்டை இருக்கிறது. அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் வைப்பதை அது தடுக்கிறது. மற்ற ஆயுதங்களைப் பற்றிப் பேசவில்லை. தரையிலிருந்து ஏவி செயற்கைக்கோளை உடைப்பதையும் தனியாகத் தடுக்கவில்லை. உளவு பார்க்கும் செயற்கைக்கோள்களையோ யாரும் ஆயுதமென்று சொல்வதில்லை.

நாமும் ஒரு பக்கமாகவே நின்றோம் என்று சொல்லிவிட முடியாது. தும்பாவில் பணியாற்றிய இராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் தலைமையில் 1980-ல் எஸ்.எல்.வி-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதன் முதல் கட்ட மோட்டாரே 1989-ல் அக்னி ஏவுகணைக்கும் முதல் கட்டமானது. 1983-ல் ரீகனின் 'நட்சத்திரப் போர்' திட்டம் வந்தபோது எதிர்த்துப் பேசிய இந்தியா, 2007-ல் சீனா தன் செயற்கைக்கோளை உடைத்துக் காட்டிய பிறகு வேறு கணக்குப் போடத் தொடங்கியது. 2019 மார்ச் 27-ல் ஒடிசாக் கரையின் அப்துல் கலாம் தீவிலிருந்து ஏவிய ஏவுகணை, சுமார் 280 கிலோமீட்டர் உயரத்தில் நம் செயற்கைக்கோளையே தகர்த்தது. தாழ்வான உயரம் என்பதால் சில வாரங்களில் சிதறல் விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பகுதி விழுந்தது, மேலே எறியப்பட்ட சில துண்டுகள் பல மாதங்கள் சுற்றின.

2022 டிசம்பரில் இப்படிப்பட்ட சோதனைகளைக் கைவிடும்படி ஐ.நா. பொதுச்சபையில் தீர்மானம் வந்தது. 155 நாடுகள் ஆதரித்தன. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. வெறும் வாக்குறுதி போதாது, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் வேண்டும் என்பது நம் அரசின் நெடுநாள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் நம் சோதனையை முடித்துக்கொண்ட பிறகு ஒதுங்கி நின்றது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஒப்பந்தமோ ஜெனீவாவில் பல ஆண்டுகளாகப் பேச்சோடே நிற்கிறது. தும்பா ஆலயம் இப்போது விண்வெளி அருங்காட்சியகம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.