அப்பாவின் ரத்தம் வேண்டாம் என்றார்கள்

 

என் தம்பி மகளுக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்றுக்குக் காத்திருக்கிறாள். போன மாதம் ரத்தம் ஏற்ற வேண்டும் என்றதும் தம்பி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றான். "எம் பிள்ளைக்கு எங்க ரத்தம்தான் சேரும்." ரத்த வங்கியில் இருந்த பெண் தன்மையாகச் சொன்னார்: "அப்பா ரத்தம் வேண்டாம் சார். வேற யாரோடதா இருந்தாலும் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏத்துவோம்."

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் நான். எனக்கே திக்கென்றது. ரத்தத்துக்கு எதற்குக் கதிர்வீச்சு? வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன்.

ரான்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-ல். எட்டே ஆண்டுகளில், 1903-ல், ஜெர்மனியின் ஹெர்மன் ஹைனக்கே கதிர் பட்ட விலங்குகளின் மண்ணீரலையும் நிணநீர் முடிச்சுகளையும் நுண்ணோக்கியில் பார்த்தார். சில மணி நேரத்திலேயே லிம்போசைட்டுகள் சிதைந்து கிடந்தன. நம் நோய் எதிர்ப்புப் படையின் முக்கியமான வீரன் இந்த வெள்ளை அணு. 1906-ல் பெர்கோனியே, ட்ரிபோன்டோ என்ற பிரெஞ்சுக்காரர்கள் ஒரு விதி சொன்னார்கள்: வேகமாகப் பிரியும் செல்தான் கதிருக்குச் சீக்கிரம் பலியாகும். லிம்போசைட் இந்த விதிக்கு அடங்கவில்லை. பிரியாமல் சும்மா இருக்கும்போதே செத்துப்போகிறது. தன்னைத்தானே ஒழுங்காக முடித்துக்கொள்ளும் இவ்வகைச் சாவுக்கு 1972-ல்தான் கெர், வில்லி, கறி மூவரும் அபாப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்.

சரி, இந்த வீரனை ஏன் வேண்டுமென்றே முடக்க வேண்டும்?

ஏற்றும் ரத்தத்தோடு கொடுத்தவரின் லிம்போசைட்டுகளும் உள்ளே போகின்றன. அந்நியன் என்று நம் உடல் அவற்றை அடித்துவிடும். நெருங்கிய சொந்தத்தில் சிக்கல் வருகிறது. திசு அடையாளத்தில் பாதி அப்பாவிடமிருந்தும் பாதி அம்மாவிடமிருந்தும் பிள்ளைக்கு வருகிறது. அப்பாவின் இரண்டு பாதியும் ஒன்றாகவே அமைந்துவிட்டால், பிள்ளையின் உடல் அவர் செல்லை "நம்ம வீட்டு ஆள்" என்று விட்டுவிடும். வந்த செல்லுக்கோ பிள்ளையிடம் இருக்கும் அம்மாவின் பாதி அந்நியம். அது பெருகித் தாக்கத் தொடங்கும். காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கடைசியில் மஜ்ஜையே அழியும். வந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பிழைப்பதில்லை. எதிர்ப்புச் சக்தி குறைந்த நோயாளிக்கு யார் ரத்தமானாலும் இந்த ஆபத்து உண்டு.

ஜப்பானில் இதய அறுவை நல்லபடியாக முடிந்தவர்கள்கூட ஓரிரு வாரத்தில் இப்படி இறந்தார்கள். சொந்தக்காரர்கள் ஓடிவந்து கொடுத்த புது ரத்தம்தான் பலருக்கு எமன் என்பது பிறகுதான் புரிந்தது. அங்கே ரத்தத்துக்குக் கதிர்வீச்சு கொடுப்பது வழக்கமானதும், 2000-க்குப் பின் இந்நோய் ஏறக்குறைய மறைந்தே போனது.

அளவு 25 கிரே. அதில் லிம்போசைட் பெருகும் திறனை இழந்துவிடும். சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதனால் தப்பிக்கும். பத்தாம் வகுப்புப் பாடம்தான். எத்தனை முறை நடத்தியிருப்பேன், இப்படி ஒரு பயன் இருப்பது தெரியாமல்!

ஒளிக்கும் இதில் பங்குண்டு. 1920-களிலேயே அமெரிக்காவில் எம்மெட் நாட் ரத்தத்தைப் புற ஊதாக் கதிரில் காட்டி நோய்த்தொற்றைக் குணமாக்கப் பார்த்தார். பென்சிலின் வந்ததும் அது மங்கியது. (இன்றும் சர்வரோக நிவாரணி என்று அதை விற்கிறார்கள். ஏமாறாதீர்கள்.) உருப்படியான வழி ரிச்சர்ட் எடல்சனுடையது. ரத்தத்திலிருந்து வெள்ளை அணுக்களைப் பிரித்து, சோரலன் வகை மருந்து சேர்த்து, புற ஊதா ஒளி காட்டித் திரும்ப ஏற்றுவது. நம் நாட்டு மருந்துக் கடைக் கார்போக அரிசியில் இருக்கிறதே, அந்தச் சோரலனின் உறவுதான் மருந்து. ஒளி பட்டதும் அது டிஎன்ஏ-வின் இரு இழைகளையும் பூட்டிவிடும். தோலைத் தாக்கும் ஒரு லிம்போசைட் புற்றுநோய்க்கு 1987-ல் அவர் வெளியிட்ட ஆய்வில் 37 பேரில் 27 பேர் தேறினார்கள். அதிசயம் என்னவென்றால், ஒளி படுவது உடம்பிலுள்ள லிம்போசைட்டுகளில் மிகச் சிறு பகுதிதான். சாகும் அணுக்களை மற்ற செல்கள் விழுங்கும்போது எதிர்ப்பு மண்டலத்தின் போக்கே மாறுகிறது என்கிறார்கள். மஜ்ஜை மாற்றியபின், வந்த செல்கள் உடம்பைத் தாக்கினால் அதை அடக்கவும் இதே சிகிச்சை இன்று பயன்படுகிறது.

மறுநாள் பையைக் காட்டினார்கள். 'கதிர்வீச்சு கொடுக்கப்படவில்லை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்ட சிறு லேபிள். கதிர் பட்டதும் அதில் 'நாட்' என்ற சொல் மட்டும் கறுத்து மறைந்துவிடுமாம். தம்பி அதைத் தடவிப் பார்த்தான். பிறகு வங்கிக்குப் போய்ப் பொதுக் கணக்கில் ஒரு யூனிட் கொடுத்துவிட்டு வந்தான்.