தண்டல் கணக்கும் வகுப்பறைக் கணக்கும்: பதின்பருவத்தினருக்கு வட்டி கற்பித்தல்

பள்ளிக் கணக்கில் அசல், காலம், வீதம் மூன்றையும் கொடுத்து வட்டியைக் கேட்பதே பெருவழக்கு. வெளியே கடன் வாங்குபவருக்குத் தெரியாமல் போவது அந்த வீதம்தான். ஆகவே பதின்பருவத்தினருக்குப் பணக் கணக்கைக் கற்பிக்கும்போது, கண்டுபிடிக்க வேண்டிய எண்ணாக வீதத்தையே வைக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

சென்னைத் தெருவோரக் கடைக்காரர்கள் நன்கறிந்த தண்டலை எடுத்துக்கொள்வோம். கடன் 10,000 ரூபாய். 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். நாளுக்கு 100 ரூபாயாக 100 நாளில் அடைக்க வேண்டும். வட்டி எவ்வளவு? 15 சதவீதம் என்ற விடைதான் முதலில் வரும். கைக்கு வந்தது 8,500தானே என்று பார்த்தால் 17.6. அது 100 நாளுக்கான வட்டி. ஆண்டுக்கு மாற்றினால் 64ஐத் தாண்டுகிறது. இங்கே நின்றுவிடக் கூடாது. தினமும் தவணை கட்டுவதால் நிலுவை குறைந்துகொண்டே வருகிறது. சராசரி நிலுவை பாதி என்று கொண்டால் வீதம் 129. இதுவும் தோராயமே. நாள்வாரியாக நிலுவைப் பட்டியல் போட்டு, ஒரு நாள் வட்டியை ஊகித்துச் சோதிக்கலாம்: குறைவாக ஊகித்தால் 100 நாளுக்கு முன்பே கடன் தீர்ந்துவிடும், கூடுதலாக ஊகித்தால் கடைசி நாளிலும் பாக்கி நிற்கும். நாளுக்கு 0.33 சதவீதத்துக்குச் சற்று மேல், ஆண்டுக்குச் சுமார் 121 என்னும் இடத்தில் கணக்கு நேராகிறது. 15இல் தொடங்கி 121 வரை வந்த இந்த வழியில் சதவீதம், சராசரி, தோராயம் எல்லாமே பயன்பட்டுவிட்டன. சூத்திரத்தை மனப்பாடம் செய்த மாணவருக்கு இந்தப் பயிற்சி கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டுப் பாடநூலில் இதற்கு இடம் இருக்கிறது. 8ஆம் வகுப்பின் ‘வாழ்வியல் கணிதம்’ கூட்டுவட்டியையும் தள்ளுபடியையும் நன்றாகவே விளக்குகிறது. ஆனால் 9, 10ஆம் வகுப்புகளில் அதற்குத் தனி இயல் இல்லை. ‘மூன்று வட்டி’ என்று ஊரில் சொல்வது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதம். வங்கியின் 12 சதவீதத்தோடு அதை ஒப்பிடத் தெரிய வேண்டிய வயதில் பாடம் முடிந்துபோகிறது.

நிதிக் கல்வியைத் தனிப் பாடமாக்கலாமே என்பர். அமெரிக்க மாநிலங்களை ஆராய்ந்த கோல், பால்சன், சாஸ்திரி ஆகியோரின் 2016 கட்டுரை, கட்டாய நிதிப் பாடத்தால் புலப்படும் பயன் இல்லை என்றும், கூடுதல் கணிதப் பாடம் படித்தவர்கள் கடனைச் சிறப்பாகக் கையாண்டனர் என்றும் கண்டது. ஜார்ஜியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பின்னர் வந்த நிதிப் பாட விதிகளால் இளைஞர்களின் கடன் மதிப்பெண் உயர்ந்ததாக வேறோர் ஆய்வு கூறுவதால், விவாதம் முடிந்துவிடவில்லை. எனினும் கணித வகுப்பைவிட்டு இதைப் பிரிப்பது தவறு என்றே கருதுகிறேன்.

வலுவான மறுப்பு வேறொன்று. விடியலில் கோயம்பேட்டில் சரக்கெடுக்கப் பணம் தேவைப்படும் பெண்ணுக்கு 121 என்று தெரிந்து என்ன பயன்? அவருக்கு வங்கிக் கதவு திறக்காத வரையில் கணக்கு மட்டும் காப்பாற்றாது, உண்மைதான். ஆனால் தண்டலையும் சுயஉதவிக்குழுக் கடனையும் நகைக்கடனையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்க அவர் மகளால் முடியும். அதற்கு 10ஆம் வகுப்புப் பொதுத்தேர்வில், வீதத்தைச் சொல்லாமல் தவணைச் சீட்டை மட்டும் கொடுத்து ஒரு வினா கேட்டாலே போதும். தேர்வில் வருவதை ஆசிரியர்கள் நடத்தாமல் விடமாட்டார்கள்.