நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சைதானே... டிஜிட்டல் ஓவியத்தில் மட்டும் ஏன் சாம்பல் வருகிறது?

நீலத்தோடு மஞ்சளைக் கலந்தால் பச்சை வரும். இது வாட்டர் கலர் டப்பாவைத் திறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அதே ரெண்டு நிறத்தை டேப்லெட்டில் பிரஷ் வைத்துக் கலந்து பாருங்கள். அழுக்குத் தண்ணீர் மாதிரி ஒரு சாம்பல் நிறம் வந்து நிற்கும்.

பேப்பரில் நன்றாக வரைந்துகொண்டிருந்தவர்கள் டிஜிட்டலுக்கு வந்ததும் திணறும் முதல் இடம் இதுதான். 'நமக்குக் கலர் சென்ஸ் இல்லையோ' என்று பலரும் தங்களையே நொந்துகொள்கிறார்கள். உண்மையில் கையில் கோளாறு எதுவும் இல்லை. சாஃப்ட்வேர் கணக்குப் போடும் விதமே வேறு. அது எப்படி என்று பார்க்கலாம்.

ரெண்டு நிறம், நாலு விடை!

முழு நீலம், முழு மஞ்சள். இந்த ரெண்டையும் சேர்த்தால் கிடைக்கும் விடைகள் இவை:

• வாட்டர் கலரில்: பச்சை
• சாஃப்ட்வேரின் நார்மல் மோடில், பாதிக்குப் பாதி: சாம்பல்
• மல்டிப்ளை மோடில்: கறுப்பு
• ஸ்கிரீன் மோடில்: வெள்ளை

நாலுமே சரியான விடைதான். கேட்கப்படும் கேள்விதான் ஒவ்வொரு இடத்திலும் வேறு.

பெயின்ட்டில் பச்சை எப்படி வருகிறது?

பெயின்ட் என்பது ஒளியை விழுங்கும் பொருள். மஞ்சள் பெயின்ட், நீல ஒளியை விழுங்கிவிட்டு சிவப்பையும் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. நீல பெயின்ட், சிவப்பை விழுங்கிவிட்டு நீலத்தையும் கூடவே கொஞ்சம் பச்சையையும் திருப்பி அனுப்புகிறது. ரெண்டும் கலந்தால், ரெண்டு பேரும் விழுங்காமல் விட்டது எது? பச்சை மட்டும்தான். அதுதான் நம் கண்ணுக்கு வந்து சேருகிறது.

சாஃப்ட்வேர் என்ன செய்கிறது?

சாஃப்ட்வேருக்குப் பெயின்ட் என்றால் என்னவென்றே தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மூன்று எண்கள்தான். சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு? இதைத்தான் ஆர்ஜிபி என்கிறோம். வழக்கமான 8 பிட் ஃபைலில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை மதிப்பு உண்டு.

முழு நீலம்: 0, 0, 255
முழு மஞ்சள்: 255, 255, 0

நார்மல் மோடில் 50 சதவீத ஒபாசிட்டியில் ஒன்றின் மேல் ஒன்றைப் பூசினால், சாஃப்ட்வேர் ரெண்டுக்கும் சராசரி எடுக்கிறது. விடை 128, 128, 128. மூன்றும் சமமாக இருந்தால் அது சாம்பல். அவ்வளவுதான் மேட்டர்.

விரலால் தேய்ப்பது போல நிறத்தை இழுக்கும் ஸ்மட்ஜ் டூலும் பெரும்பாலும் இதே சராசரிக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பப் போடுகிறது. அதனால்தான் தேய்க்கத் தேய்க்க படம் மங்கிக்கொண்டே போகிறது.

மல்டிப்ளை, ஸ்கிரீன் என்றால் என்ன?

பெயரே சொல்வது போல மல்டிப்ளை என்பது பெருக்கல். 255ஐ 1 என்று வைத்துக்கொண்டு எண்களைப் பெருக்குகிறது. நீலத்திலும் மஞ்சளிலும் ஒன்றில் 1 இருக்கும் இடத்தில் மற்றதில் 0 இருக்கிறது. எதை 0ஆல் பெருக்கினாலும் 0தானே! அதனால் கறுப்பு. நிழல் போடுவதற்கு ஓவியர்கள் இந்த மோடைத்தான் அதிகம் பயன்படுத்துகிறார்கள்.

ஸ்கிரீன் இதற்கு நேர் எதிர். எண்களைத் தலைகீழாக்கி, பெருக்கி, மறுபடி தலைகீழாக்குகிறது. ரெண்டு டார்ச் ஒளியை ஒரே சுவரில் அடிப்பது மாதிரி, விடை எப்போதும் வெளிச்சமாகவே வரும். விளக்கு, நெருப்பு வரைய இது கைகொடுக்கும்.

இன்னொரு சிக்கல்: காமா

சிவப்பையும் பச்சையையும் மென்மையான பிரஷ்ஷில் கலந்தால், சேரும் இடத்தில் ஒரு இருண்ட கோடு போல விழுவதைக் கவனித்திருப்பீர்கள். அதற்குக் காரணம் காமா.

திரைகளில் 128 என்ற எண், 255இல் பாதி என்றாலும் பாதி வெளிச்சத்தைத் தருவதில்லை. பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்ஜிபி முறையில் அது சுமார் 22 சதவீத வெளிச்சம்தான். நம் கண் இருட்டான பகுதிகளில் நுணுக்கமாக வித்தியாசம் பார்க்கும் என்பதால், எண்களை இருட்டுப் பக்கம் அதிகமாக ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஆனால் சாஃப்ட்வேர் அந்த எண்களையே அப்படியே சராசரி எடுத்தால் விடை இருண்டுவிடுகிறது. சிவப்பும் பச்சையும் சேர்ந்தால் 128, 128, 0 என்ற மங்கிய நிறம் வரும். உண்மையான ஒளி அளவில் கணக்கிட்டால் 188, 188, 0 என்ற பளிச்சென்ற மஞ்சள் கிடைக்கும். இப்படிக் கணக்கிடுவதை லீனியர் பிளெண்டிங் என்கிறார்கள்.

ஒன்று கவனிக்க வேண்டும். லீனியர் முறை இருட்டைச் சரிசெய்யும். ஆனால் நீலம், மஞ்சளில் இருந்து பச்சையை வரவழைக்காது. சாம்பல் கொஞ்சம் வெளுக்கும், அவ்வளவே.

நிஜ பெயின்ட் போலக் கலக்கும் சாஃப்ட்வேர் உண்டா?

உண்டு. பெயின்ட் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது, எவ்வளவு சிதறடிக்கிறது என்பதை வைத்து நிறத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை பால் குபெல்கா, ஃபிரான்ஸ் முங்க் ஆகிய இருவர் 1931லேயே வெளியிட்டுவிட்டார்கள். வரைந்துகொண்டிருக்கும்போதே அந்தக் கணக்கை, அதுவும் வெறும் மூன்று எண்களை வைத்துக்கொண்டு போடுவதுதான் சவாலாக இருந்தது.

2021இல் ஷார்கா சோகோரோவா, ஒண்ட்ரெய் யம்ரிஷ்கா ஆகிய ஆய்வாளர்கள் மிக்ஸ்பாக்ஸ் என்ற முறையை வெளியிட்டார்கள். ஆர்ஜிபி நிறத்தை முதலில் நீலம், மெஜந்தா, மஞ்சள், வெள்ளை என நாலு நிஜ பெயின்ட்களின் கலவையாகப் பிரிக்கிறது இது. அந்தக் கலவைகளைக் கலந்துவிட்டு மறுபடி ஆர்ஜிபிக்கு மாற்றுகிறது. நீலமும் மஞ்சளும் பச்சையாகிவிடுகின்றன!

ரெபெல் சாஃப்ட்வேரின் ப்ரோ பதிப்பில் இந்த முறை இருக்கிறது. காசு கொடுக்காமல் வேண்டும் என்றால், 2020இல் வந்த மைபெயின்ட் 2.0இல் பெயின்ட் போலக் கலக்கும் வேறொரு வசதி உண்டு.

சாஃப்ட்வேரை மாற்றாமல் என்ன செய்யலாம்?

• நடுநிறத்தை நீங்களே எடுங்கள்: நீலத்துக்கும் மஞ்சளுக்கும் நடுவே பச்சையைத் தனியாகத் தேர்ந்தெடுத்துப் பூசி, பிறகு ஓரங்களை மட்டும் மென்மையாக்குங்கள்.

• பச்சை கலந்த நீலத்தில் தொடங்குங்கள்: 0, 120, 200 என்ற நீலத்தின் மேல் 255, 220, 0 என்ற மஞ்சளை மல்டிப்ளை மோடில் பூசினால் அடர் பச்சை கிடைக்கும். வாட்டர் கலரில் ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்தது போடுவது மாதிரி.

• போட்டோஷாப்பில்: கலர் செட்டிங்ஸில், ஆர்ஜிபி நிறங்களைக் காமா 1.00இல் கலக்கும் ஆப்ஷனை டிக் செய்தால் இருண்ட கோடு மறையும்.

• கிரிட்டாவில்: இலவச சாஃப்ட்வேரான இதில், புது ஃபைல் திறக்கும்போதே லீனியர் ப்ரொஃபைலைத் தேர்ந்தெடுக்கலாம்.

• 16 பிட்டில் வரையுங்கள்: மிகக் குறைந்த ஒபாசிட்டியில் பல தடவை பூசும்போது, 8 பிட்டில் எண்கள் முழு எண்ணாக்கப்பட்டு நிறம் படிக்கட்டு போலத் தெரியலாம். போன், டேப்லெட்டில் மெமரி குறைவாக இருந்தால் மட்டும் கவனம்.

எந்த சாஃப்ட்வேராக இருந்தாலும், முதல் நாளே நீலத்தையும் மஞ்சளையும் கலந்து ஒரு சோதனை செய்துவிடுங்கள். சாம்பல் வந்தால் அது சராசரி எடுக்கிறது, பச்சை வந்தால் பெயின்ட் போலக் கணக்கிடுகிறது. அதற்கேற்ப நிறங்களைத் தேர்ந்தெடுத்தால் படம் அழுக்காகாது.