வீட்டில் எழுதும் கண்காணிப்புத் தேர்வு: கணினியையும் அறையையும் தயார்படுத்துதல்

வீட்டுக் கண்காணிப்புத் தேர்வு என்பது, தேர்வர் தம் வீட்டு அறையில் சொந்தக் கணினியில் எழுத, வேறோர் ஊரிலுள்ள கண்காணிப்பாளரோ ஒரு மென்பொருளோ கேமரா, மைக், கணினித் திரை ஆகியவற்றின் வழியே அவரைக் கவனித்துவரும் தேர்வுமுறை. தேர்வு மையத்தில் மேசை, மின்சாரம், இணையம், அமைதி எல்லாவற்றுக்கும் மையப் பொறுப்பாளர் பதில் சொல்வார். வீட்டில் அந்தப் பொறுப்பு முழுவதும் தேர்வர் தலையில் விழுகிறது. பாடத்தைக் கரைத்துக் குடித்தவர்கூட ரவுட்டர் அணைந்தால் தேர்வைப் பாதியில் விட நேரும். அதனால் கணினியைத் தயார்படுத்துவதும் தேர்வுக்குப் படிப்பதன் ஒரு பகுதியாகிவிட்டது.

வரலாறு

தேர்வர்களை இணையவழியில் கண்காணிக்கும் அமெரிக்க நிறுவனமான ப்ராக்டர்யூ 2008இல் தொடங்கப்பட்டது. எனினும் இம்முறை உலகெங்கும் பரவியது கொரோனா காலத்தில்தான். தேர்வு மையங்கள் மூடப்பட்டதும், 2020 மார்ச்சில் அமெரிக்கத் தேர்வு அமைப்பான இடிஎஸ், மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜிஆர்இ, ஆங்கிலத் திறனுக்கான டோஃபல் ஆகிய தேர்வுகளை வீட்டிலிருந்தே எழுத வழிசெய்தது. தொடக்கத்தில் அவற்றைக் கண்காணித்ததும் ப்ராக்டர்யூவே.

அதே ஆண்டு செப்டம்பரில் அண்ணா பல்கலைக்கழகம் இறுதிப் பருவ மாணவர்களுக்கு இணையவழியில் தேர்வு நடத்தியது. 2021 தொடக்கத்தில் நடந்த அடுத்த பருவத் தேர்வில், கண்காணிப்பு மென்பொருள் முறைகேடு நடந்திருக்கலாம் என ஐயப்பட்டதால் ஏராளமான மாணவர்களின் முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. மாணவர்களிடம் எதிர்ப்பு கிளம்ப, மே மாதம் உயர்கல்வி அமைச்சர் க. பொன்முடி மறுதேர்வு அறிவித்தார். பெங்களூரு தேசிய சட்டப்பள்ளி 2020 செப்டம்பர் 12 அன்று வீட்டிலிருந்து எழுதும் தேர்வாக நடத்திய என்எல்ஏடி என்ற சட்டப் படிப்பு நுழைவுத்தேர்வை, உச்ச நீதிமன்றம் ஒன்பதே நாளில் ரத்து செய்தது.

மூன்று வகைகள்

முதல் வகையில் கண்காணிப்பாளர் நேரலையில் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் இடையிலேயே குறுக்கிட்டுப் பேசுவார். இரண்டாம் வகையில் முழுத் தேர்வும் காணொளியாகப் பதிவாகிப் பின்னர் ஆராயப்படுகிறது. டுவோலிங்கோ ஆங்கிலத் தேர்வு இவ்வகையில் வரும். மூன்றாவது, மென்பொருள் தானே முக அசைவையும் ஒலியையும் அளந்து ஐயக்குறி போடும் முறை. இம்முறையை மட்டும் நம்பியிருந்த தன் சேவையை ப்ராக்டர்யூ 2021இல் நிறுத்திக்கொண்டது. மென்பொருள் போடும் குறிகளை மனிதக் கண் சரிபார்க்காவிட்டால் குற்றமற்றவர்கள் சிக்குவார்கள் என்பது அண்ணா பல்கலைக்கழக மாணவர்கள் நேரடியாக அனுபவித்த பாடம்.

கணினி

பெரும்பாலான தேர்வுகளுக்கு மேசைக் கணினியோ மடிக்கணினியோ வேண்டும். கைபேசி, டேப்லெட், குரோம்புக் பொதுவாக ஏற்கப்படுவதில்லை. அலுவலகம் தந்த மடிக்கணினியைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள ஃபயர்வால், விபிஎன், நிர்வாகி அனுமதிக் கட்டுப்பாடு ஆகியவை தேர்வு மென்பொருளைத் தடுத்துவிடும். இரண்டாவது மானிட்டர் இருந்தால் அணைத்தால் மட்டும் போதாது, கேபிளையும் கழற்றிவிட வேண்டும்.

தேர்வுக்கென ஒரு பூட்டு உலாவி நிறுவப்படும். சூரிச் இடிஎச் பல்கலைக்கழகம் உருவாக்கிய சேஃப் எக்ஸாம் பிரவுசர் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது. இத்தகைய உலாவி வேறு செயலிகளைத் திறக்கவும் பிரதி எடுக்கவும் விடாது. டீம்வியூவர், எனிடெஸ்க், ஜூம், டீம்ஸ், திரைப்பதிவுச் செயலிகள், விர்ச்சுவல்பாக்ஸ் போன்றவை பின்னணியில் ஓடினாலும் அது தேர்வைத் தொடங்க மறுக்கலாம். ஆகவே அவற்றை முழுமையாக மூடவேண்டும். கணினி திறக்கும்போதே தாமாக ஓடத் தொடங்கும் பட்டியலிலிருந்தும் நீக்கவேண்டும். விண்டோஸ் அப்டேட்டை முந்தைய நாளே முடித்துவிடுவது பாதுகாப்பு.

மேக் கணினியில் ஒரு சிக்கல் உண்டு. கேமரா, மைக், திரைப்பதிவு ஆகிய மூன்றுக்கும் தனித்தனியே அனுமதி தரவேண்டும். திரைப்பதிவு அனுமதி தந்தபின் செயலியை மூடித் திறக்கச் சொல்லும். தேர்வு நேரத்தில் முதன்முறையாக இதைச் சந்திப்பவர் பதறிப்போவார்.

இணையமும் மின்சாரமும்

வீட்டு இணைப்பில் எல்லோரும் பார்ப்பது பதிவிறக்க வேகத்தை. கண்காணிப்புத் தேர்விலோ காணொளி நம் வீட்டிலிருந்து வெளியே போகிறது. எனவே பதிவேற்ற வேகத்தையும் இணைப்பு அறுபடாத நிலைத்தன்மையையும் கவனிக்க வேண்டும். வைஃபையை விட, ரவுட்டரிலிருந்து நேராக வரும் லேன் கேபிள் நம்பகமானது. அந்த நேரத்தில் வீட்டில் யாரும் படம் பார்க்காமலும் பெரிய கோப்புகளை இறக்காமலும் இருக்கவேண்டும். கைபேசி ஹாட்ஸ்பாட்டைப் பல தேர்வு அமைப்புகள் பரிந்துரைப்பதில்லை.

மின்தடை வந்தால் மடிக்கணினி பேட்டரியில் ஓடும், ரவுட்டர் ஓடாது. ரவுட்டருக்கான மினி யூபிஎஸ் இக்குறையைத் தீர்க்கும். வீட்டில் இன்வர்ட்டர் இருந்தால், ரவுட்டர் செருகிய பிளக் அதன் இணைப்பில் இருக்கிறதா என்று முன்கூட்டியே சோதிக்கவேண்டும். தமிழ்நாட்டில் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகலில் மின்சாரத்தை நிறுத்துவதும், அந்த ஊர்ப் பட்டியல் நாளிதழ்களில் வருவதும் வழக்கம். தேர்வு நாளன்று அதில் தம் பகுதி இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிட வேலை.

வெளிச்சமும் முகமும்

ஜன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து உட்கார்ந்தால் கேமராவில் முகம் இருண்ட நிழலாகத் தெரியும். விளக்கு முகத்துக்கு எதிரே இருக்கவேண்டும். நம்மவர்களுக்கு இது கூடுதல் முக்கியம். தானியங்கிக் கண்காணிப்பு மென்பொருள் குறித்து லூயிவில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, கருநிற மாணவர்களுக்கு, குறிப்பாகக் கருநிறப் பெண்களுக்கு, ஐயக்குறி அதிகமாக விழுவதைக் காட்டியது. குறை மென்பொருளுடையது, ஆயினும் முகத்தில் விழும் நல்ல வெளிச்சம் தேர்வரின் தரப்பில் செய்யக்கூடிய தற்காப்பு.

அறை

ஜிஆர்இ வீட்டுத் தேர்வின் விதிகள் நல்ல எடுத்துக்காட்டு. அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது. கதவு மூடியிருப்பதோடு கேமராவில் தெரியவும் வேண்டும். கட்டில், சோபாவில் உட்கார்ந்து எழுத முடியாது. காதுகள் தெரியவேண்டும், இயர்போன் கூடாது. குறிப்பெழுத, அழித்தெழுதும் சிறிய வெண்பலகையோ ஒளிபுகும் உறைக்குள் வைத்த ஒரு தாளோ மட்டும் அனுமதி. தொடங்குமுன் கேமராவைச் சுழற்றி அறை முழுவதையும் காட்டச் சொல்வார்கள். பிறகு முகம்பார்க்கும் கண்ணாடியையோ கைபேசியையோ எதிரே பிடித்து, கணினித் திரையின் ஓரங்களில் எதுவும் ஒட்டப்படவில்லை என்று காட்டவேண்டும். அது முடிந்ததும் கைபேசியைக் கைக்கெட்டாத இடத்தில் வைத்துவிட வேண்டும்.

பல அமைப்புகளுக்காகத் தேர்வு நடத்தித்தரும் பியர்சன் வியூ நிறுவனத்தின் ஆன்வியூ என்ற வீட்டுத் தேர்வு முறை சற்று வேறு. தேர்வுக்கு 30 நிமிடம் முன்பே சரிபார்ப்பு தொடங்கும். இருக்கையையும் மேசையையும் நான்கு பக்கமிருந்து படம் எடுத்து அனுப்பவேண்டும். அங்கே பொதுவாகக் கையில் வெண்பலகை கிடையாது. திரையிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். ஓர் அமைப்பின் விதி இன்னோர் அமைப்புக்குச் செல்லாது என்பதால், தம் தேர்வின் விதித்தாளை வரிவிடாமல் படிப்பது கட்டாயம்.

பெயர் இன்னொரு கண்ணி. தமிழர்கள் பலர் இனிஷியலோடு எழுதும் பெயர் பாஸ்போர்ட்டில் விரிந்து கிடக்கும். பதிவுசெய்த பெயரும் அடையாள அட்டையிலுள்ள பெயரும் பொருந்தாவிட்டால் சரிபார்ப்பிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒத்திகை

தேர்வு அமைப்புகள் இலவசமாகத் தரும் கணினிச் சோதனையை, அதே கணினியில், அதே அறையில், அதே இணைப்பில், தேர்வு நடக்கும் அதே வேளையில் செய்துபார்க்க வேண்டும். காலையில் வேகமாக ஓடும் இணைப்பு, தெருவே இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்குத் திணறும். ஜிஆர்இ 2023 செப்டம்பர் முதல் 1 மணி 58 நிமிடத் தேர்வாகச் சுருங்கியது, இடைவேளையும் கிடையாது. ஒத்திகையிலும் அவ்வளவு நேரம் எழாமல் உட்கார்ந்து பார்ப்பது பயன்தரும். இணைப்பு அறுந்தால் தொடர்புகொள்ளும் உதவி எண்ணைத் தாளில் எழுதி வீட்டிலுள்ள ஒருவரிடம் கொடுத்துவைக்கலாம்.

உரிமைச் சிக்கல்

அறையைக் கேமராவில் காட்டச் சொல்வது தனியுரிமை மீறலா என்ற கேள்வி நீதிமன்றம் வரை போனது. ஓஹையோவிலுள்ள கிளீவ்லாந்து அரசுப் பல்கலைக்கழகம் ஒரு மாணவரின் அறையை இவ்வாறு சோதித்தது அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தத்துக்கு முரணானது என்று 2022 ஆகஸ்டில் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மொத்தத்தில், தனி அறை, நம்பகமான இணைப்பு, தடையற்ற மின்சாரம் ஆகிய இம்மூன்றில் ஒன்று உறுதியாக இல்லையென்றாலும் தேர்வு மையத்தில் இடம் பதிவுசெய்வதே சரி. ஜிஆர்இ, டோஃபல் இரண்டையும் மையத்திலும் எழுதலாம். வினாத்தாளின் அமைப்பும் மதிப்பெண் முறையும் இரு இடத்திலும் ஒன்றே.