அழுகுரலை நம்பாத அறிவு

பேசத் தெரிந்தவன், "வலிக்கிறது" என்கிறான். பேசத் தெரியாத பச்சிளங் குழந்தை அழுகிறது. முன்னவன் சொல்லை நம்பிய மருத்துவ உலகம், குழந்தையின் அழுகையை நம்புவதற்கு எத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது? வரலாற்று ஏட்டைப் புரட்டுகிறோம். வியப்பினும் வேதனையே மேலிடுகிறது.

1846 அக்டோபர் 16. அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலே, மருத்துவர் பலர் பார்த்திருக்க, வில்லியம் மார்ட்டன் ஈதர் ஆவியால் ஒருவரை மயங்கச் செய்தார். கழுத்துக் கட்டி அறுக்கப்பட்டது, அலறல் எழவில்லை. மறு ஆண்டில் எடின்பரோ நகரத்துச் சிம்சன் குளோரோபாரம் தந்தார். கத்தியும் கதறலும் இணைபிரியாதிருந்த காலம் மறைந்தது.

யாருக்கு மறைந்தது? பெரியவர்களுக்கு! குழந்தைகளுக்கோ, நூறாண்டு கடந்தும் விடியவில்லை. பிறந்த குழந்தைகளை ஊசி முனையால் குத்திப் பார்த்து 1941-இல் ஆய்வுரை வெளியிட்டார் மர்டில் மெக்ரா என்னும் உளவியலார். இத்தகைய ஆய்வுகளைக் காட்டி, "மூளை முதிராத சிசு வலியறியாது" என்றனர் பலர். மயக்க மருந்து சின்னஞ்சிறு உயிரைப் பறித்துவிடுமோ என்ற அச்சமும் இருந்தது. அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் அச்சத்தையே உண்மையென்று அரியணை ஏற்றியதில் நியாயம் ஏது?

1985-இல் வாஷிங்டன் நகரில் குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு நெஞ்சைத் திறந்து அறுவை நடந்தது. தசைகளை அசைவற்றதாக்கும் மருந்து தந்தனர். வலி போக்கும் மருந்து தரவில்லை. குழந்தையால் கையை அசைக்கவும் இயலாது, கதறவும் இயலாது! பின்னர் குழந்தை இறந்தது. நடந்ததை அறிந்த தாய் கேள்வி எழுப்பினார். 1986-இல் செய்தித்தாள்கள் அதை உலகறியச் செய்தன.

தாயின் கேள்விக்குச் சான்றோடு விடை தந்தவர், இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டு சென்ற ஆனந்த் என்னும் இளைஞர். குறைமாதக் குழந்தைகளின் அறுவையில் ஒரு பிரிவினருக்கு வழக்கமான முறை. மறு பிரிவினருக்கு அத்துடன் பென்டனில். மருந்து பெறாத பிஞ்சுகளின் இரத்தத்தில் துன்பத்தின் அறிகுறிகள் மிகுந்தன, பின்விளைவுகளும் கூடின. 1987-இல் லான்செட் இதழ் இதனை வெளியிட்டது. அழுகை வெறும் அனிச்சைச் செயல் என்ற வாதம் சாய்ந்தது!

அறுவை அறையில் வென்ற உண்மை, தெருவுக்கு வர வேண்டாமா? மரத்திலிருந்து விழுந்து கை முறிந்த சிறுவனுக்கு, மருத்துவமனை வரையிலான வழிதான் பெருந்துன்பம். ஒவ்வொரு குலுக்கலும் ஒரு குத்து! நைட்ரஸ் ஆக்சைடையும் ஆக்சிஜனையும் சரிபாதி கலந்து ஒரே உருளையில் அடைத்தார் இங்கிலாந்தின் டன்ஸ்டல், 1961-இல். மகப்பேற்றுக்கென வந்த அவ்வாயு, 1970 அளவில் அந்நாட்டு ஆம்புலன்சுகளில் ஏறியது. மூடியை நோயாளியே பிடித்துக்கொள்வார். மயக்கம் மிகுந்தால் கை தானே நழுவும், வாயுவும் நிற்கும். எளிய காவல், ஏற்ற காவல்!

வலியின் அளவைச் சொல்லத் தெரியாத பிள்ளைக்கு, 1983-இல் அமெரிக்காவின் துல்சா நகரில் வாங், பேக்கர் என்ற இருவர் ஆறு முகங்களை வரைந்து நீட்டினர். சிரிக்கும் முகமா, அழும் முகமா? பிள்ளை விரலால் தொட்டுக் காட்டும். ஊசிக்கு அஞ்சும் பிள்ளைக்கும் வழி பிறந்தது. மூக்கில் தெளிக்கும் பென்டனில், நரம்பில் ஏற்றும் மார்பினுக்கு ஈடாக வலி தணித்ததை, எலும்பு முறிந்த 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளிடம் ஆஸ்திரேலிய ஆய்வொன்று 2007-இல் காட்டியது.

மருந்து வந்தது; கருவி வந்தது. ஆயினும், "குழந்தைதானே, அழுது ஓயும்" என்போர் உள்ளவரை மருந்து பெட்டியிலேயே உறங்கும். "ஆண்பிள்ளை அழலாமா?" என அதட்டும் ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் பாடம் உண்டு. முறிந்த கையை அசையாது தாங்கலாம்; தீப்புண் மீது இருபது நிமிடம் குளிர்ந்த குழாய் நீரை ஓடவிடலாம்; தாயை அருகிருத்தலாம். இவை அனைத்துக்கும் முன்னே, "எங்கே வலிக்கிறது?" என்று கேட்போம். கேட்டபின், குழந்தை சொல்வதை நம்புவோம்!